இடைவழிக்கு மேலே ஓர் அறை

"டெரஸ். டெரஸ். டெரஸ். நில்லுங்கோ, அது செமி!"

பஸ்ஸின் மேல்தட்டில், முன் கண்ணாடியில் மூக்கு முட்டும்படி குனிந்துகொண்டு செபமாலைமுத்து வீடுகளுக்குப் பெயர் சொல்லி வருகிறார். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் பாண் போடும் பேக்கரியில் காலை ஷிப்ட் முடிந்து நாங்கள் இருவரும் திரும்பும் நேரம். எனக்குத் தூக்கம் கண்ணைக் கட்டும். அவர் விடமாட்டார். இரண்டு பக்கமும் அயல்வீட்டோடு ஒட்டியிருந்தால் டெரஸ், ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் செமி, எதிலும் ஒட்டாமல் தனியே நின்றால் டிட்டாச்ட். "அது டொக்டர்மாருக்கு" என்று கடைசி வகையை ஒரே கைவீச்சில் தள்ளிவிடுவார்.

வயது ஐம்பத்திரண்டு. மன்னாரில் நில அளவைத் திணைக்களத்தில் பத்தொன்பது வருடம் அளவுச் சங்கிலி பிடித்தவர். கோட்டின் இடது பையில் அளவு நாடா, வலது பையில் திசைகாட்டி. யாருடைய வீட்டுக்குப் போனாலும் சுகம் விசாரிப்பதற்கு முன் "வடக்கு எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார். ஊரில் காணி உறுதிப் பத்திரம் என்றால் நான்கு எல்லையும் பெயர் பெயராக எழுதியிருக்கும்: கிழக்கே இன்னாருடைய காணி, மேற்கே இன்னாருடைய வளவு என்று. நாலு பக்கமும் நாலு பேர் இல்லாத நிலத்தை அவர் நிலம் என்றே எடுப்பதில்லை. லண்டனில் பக்கத்து வீட்டில் யார் என்று யாருக்கும் தெரியாது என்று ஒருநாள் சொன்னேன். பேயைக் கண்டவர் போல என்னைப் பார்த்தார்.

இரண்டு வருடத்துக்கு முன், எண்பத்தொன்பது கோடையில்தான் அவருக்கு இந்த வீட்டுப் பைத்தியம் பிடித்தது. பிடித்ததில் நியாயம் இருந்தது. வீட்டுக்காரர் ஸ்ரீஸ்கந்தராஜா, தன் தம்பி குடும்பம் வருகிறது, செப்டெம்பர் முடிவதற்குள் மேல்மாடி அறைகள் இரண்டையும் விட்டுவிடவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஐந்து வருடத்தில் அது நாலாவது இடம். மகள் டொலறஸுக்கு மூன்றாவது பள்ளிக்கூடம். "இனியும் பெட்டி கட்டச் சொன்னால் நான் உங்கட பேக்கரி வாசலிலை பாயைப் போட்டுப் படுத்திடுவன்" என்று மனைவி மரியமலர் அறிவித்திருந்தார்.

மூன்று தெரு தள்ளி விலைக்கு ஒரு வீடு அகப்பட்டது. அதைப் பார்த்த நாளிலிருந்து மனிதரின் நிம்மதி போயிற்று. மேற்குச் சுவர் அயல்வீட்டோடு முழுதாக ஒட்டியிருந்தது. கிழக்கே, நிலத்தில், அடுத்த வீட்டுக்கும் அதற்கும் நடுவில் பின்வளவுக்குக் குப்பைவாளி கொண்டுபோகிற ஒடுங்கிய இடைவழி. ஆனால் அண்ணாந்து பார்த்தால் வானம் இல்லை. இந்த வீட்டின் படுக்கையறை ஒன்று இடைவழிக்கு மேலே நீண்டுபோய் அடுத்த வீட்டின் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"கீழை தனி, மேலை ஒட்டு. இதை என்னெண்டு சொல்லுறது தம்பி?"

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. வீடு விற்கும் கந்தோர் கொடுத்த தாளில் செமி என்று இருந்தது. கடன் கொடுக்கும் நிறுவனம் அனுப்பிய ஆள் வந்து பார்த்துவிட்டு டெரஸ் என்று எழுதினான். கடன் விண்ணப்பத்தில் பெட்டி பெட்டியாகப் போட்டு ஒன்றில் மட்டும் அடையாளம் இடச் சொல்லியிருந்தது. செபமாலைமுத்து இரண்டில் இட்டார். விண்ணப்பம் திரும்பி வந்தது. "ஒரு காணிக்கு ரெண்டு பெயர் இருந்தால் அது கள்ள உறுதி" என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

சட்டத்தரணி பாலேந்திராவிடம் ஓடினோம். அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். இடைவழி நிலம் அடுத்த வீட்டுக்குச் சொந்தம், மேலே உள்ள அறை இந்த வீட்டுக்குச் சொந்தம், இதற்கு இங்கே ஃப்ளையிங் ஃப்ரீஹோல்ட், பறக்கிற உரிமை என்று பெயர். செபமாலைமுத்து கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"காணி பறக்குமோ ஐயா? நான் பத்தொன்பது வருசம் அளந்தனான். ஒண்டும் பறக்கேல்லை."

பாலேந்திரா சிரித்தார். "நீங்கள் பேசாமல் இருங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

பேசாமல் இருக்கத்தான் அவருக்கு ஏலாதே. அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு, மரியமலர் சுட்ட பயற்றம்பணியாரம் ஒரு தட்டும் தானே எழுதிய கடதாசி ஒன்றுமாகக் கிழக்கு வீட்டுக் கதவைத் தட்டினார். ஊர் வழக்கப்படி எல்லைக்காரரிடம் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் அவர் நினைத்தது. அங்கே தனியே இருந்தவர் மிஸிஸ் ஹொப்கின்ஸ், எழுபது தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று திசைகாட்டியை நீட்டி, உங்கள் இடைவழிக்கு மேலே இருப்பது என்னுடையது, இதில் கையெழுத்து வையுங்கள் என்றால் அந்த அம்மா என்ன செய்வார்? பணியாரத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். என் பாதையைப் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று திங்கட்கிழமையே தன் சட்டத்தரணிக்கு எழுதினார். அந்தக் கடிதம் பாலேந்திராவிடம் வந்து, அங்கிருந்து கடன் நிறுவனத்துக்குப் போயிற்று. அயலாரின் எழுத்துமூலச் சம்மதம் வரும்வரை கடன் இல்லை என்று பதில் வந்தது. செப்டெம்பர் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நன்றாகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் மண்ணைப் போட்டுவிட்டாரே! ஆனால் பாண் தட்டுகளை அடுக்கும்போது அவர் ஒரே தட்டை மூன்று தரம் எடுத்து எடுத்து வைப்பதைக் கண்டதும் ஏச மனம் வரவில்லை. "நான் என்ன பிழையாய்ச் சொன்னனான்? எல்லையைத்தானே கேட்டனான்" என்று திருப்பித் திருப்பி என்னிடமே கேட்டார். பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்த நாள் மொழிபெயர்க்க நானும் போனேன். திசைகாட்டியை முதலிலேயே வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். மிஸிஸ் ஹொப்கின்ஸ் கதவை ஒரு சாண் திறந்து, பாதையை மூடப்போகிறீர்களா என்று கேட்டார். இல்லை, கீழே உள்ளது முழுக்க உங்களுடையது, மேலே உள்ள அறை யாருடையது என்றுதான் இவர் கேட்கிறார் என்றேன். அவர் வெளியே வந்தார். இடைவழிக்குள் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முப்பத்தொரு வருடமாக இதற்குள்ளால் போய் வருகிறேன், மேலே ஓர் அறை இருக்கிறதென்று ஒருநாளும் நினைத்ததில்லை என்று சொல்லிச் சிரித்தார். பாலேந்திரா அடித்துக் கொடுத்திருந்த கடிதத்தில் அங்கேயே சுவரில் வைத்துக் கையெழுத்திட்டார். பணியாரத் தட்டையும் கழுவித் திருப்பிக் கொடுத்தார்.

செபமாலைமுத்துவுக்குச் சந்தோஷத்தைவிட அதிர்ச்சிதான் அதிகம். "தலைக்கு மேலை இருக்கிறது ஆருடைய அறை எண்டு முப்பத்தொரு வருசம் கேளாமல் இருந்திருக்கிறா தம்பி. இதென்ன சனம்!"

செப்டெம்பர் இருபத்தெட்டில் குடிபுகுந்தார்கள். வீடு செமியா டெரஸா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. காப்புறுதிக் கடிதம் ஒன்று சொல்கிறது, கவுன்சில் கடிதம் வேறொன்று சொல்கிறது. இரண்டையும் ஒரே உறைக்குள் வைத்து அடிக்கடி எடுத்துப் பார்க்கிறார். இடைவழிக்கு மேலான அறைதான் அந்த வீட்டிலேயே வெளிச்சமானது. டொலறஸ் அதைக் கேட்டு அழுதாள். கொடுக்கவில்லை. "நாளைக்கு வழக்கெண்டு வந்தால் பிள்ளையையோ அறையை விட்டு எழுப்பிறது?" என்று தன் கட்டிலை அங்கே போட்டுக்கொண்டார்.

போன சனிக்கிழமை மத்தியானம் அந்த அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பேக்கரி மனேஜரை உற்சாகமாகத் திட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். கீழே இடைவழியில் குப்பைவாளி இழுபடும் சத்தம், கூடவே மிஸிஸ் ஹொப்கின்ஸின் மெதுவான காலடி, நேரே எங்கள் பாதங்களுக்குக் கீழே. செபமாலைமுத்து இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டார். சத்தம் பின்வளவுக்குப் போய்ச் சேரும்வரை இறக்கவில்லை.