ஸ்டாப்புக்கு ஸ்டாப் கெட்டி மேளம்

1. எத்தனை பாட்டு?

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "மேடம், இந்த கேமுக்கு எத்தனை பாட்டு வரும்?" என்பதுதான். படத்துக்கு ஐந்து பாட்டு, ஆறு பாட்டு என்று சொல்வார்களே, அப்படி ஒரு கணக்கு அவர் மனதில் இருந்தது. பாட்டே வராது சார் என்றேன். "அப்போ உங்கள எதுக்கு எடுத்திருக்கோம்?" என்று சிரிக்காமல் கேட்டார். போன வருடம் ஓய்வு பெறும் வரை அந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு வடிவத்தில் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

முதலாளியின் பெயர் ரங்கநாதன். ஸ்ரீரங்கத்துக்காரர், என்னைவிட இருபது வயதாவது சின்னவர். தில்லை நகரில் ஒரு மாடியில் மொபைல் கேம் கம்பெனி வைத்திருந்தார். நல்ல மனிதர், சம்பளத்தைத் தள்ளிப்போட மாட்டார். ஆனால் இசை விஷயத்தில் அவரோடு பேசிவிட்டு வந்தால் எனக்குத் தலைவலி மாத்திரை தேவைப்படும்.

நான் காட்டூர்க்காரி. கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் லைட் மியூசிக் குழுக்களில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். சமயபுரம் பக்கம் நான் ஏறாத திருவிழா மேடை குறைவு. கச்சேரிகள் குறைந்தபோது கம்ப்யூட்டரில் இசை அமைக்கக் கற்றுக்கொண்டு இந்த வேலைக்கு வந்தேன். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்கிறார்கள். சாஃப்ட்வேரை யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். நான் சொல்லப் போவது வேறு.

2. மாலை போடும் வரைக்கும்

கேம் இசைக்கும் சினிமா இசைக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்று. சினிமாவில் கதாநாயகன் எப்போது கதவைத் திறப்பான் என்று இசையமைப்பாளருக்குத் தெரியும். கேமில் தெரியாது. ஆடுகிறவர் உடனே திறப்பார், அல்லது திறக்காமல் காபி குடிக்கப் போய்விடுவார். இசை அதுவரை அலுப்புத் தட்டாமல் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், அவர் திறந்த நொடியில் மாறவும் வேண்டும்.

இதை ரங்கநாதனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, மேடைக் கச்சேரியை உதாரணம் சொன்னேன். விழாவுக்குத் தலைவர் வருவார். "தலைவர் வந்துவிட்டார்" என்று மைக்கில் சொல்லிவிடுவார்கள். அவர் கார் அப்போதுதான் ஹைவேயில் வந்துகொண்டிருக்கும். நாங்கள் வரவேற்பு இசையை ஆரம்பித்துவிட்டு, அவர் இறங்கி, கும்பிட்டு, படியேறி, மாலை கழுத்தில் விழும் வரை அதையே சுற்றிச் சுற்றி வாசிப்போம். மாலை விழுந்ததும் டிரம்ஸ்காரர் ஒரு அடி அடிப்பார், எல்லோரும் ஒன்றாக முடிப்போம். "கேம்ல நாம செய்யறது அதான் சார். தலைவர் எப்ப வருவாருன்னு தெரியாது."

ரங்கநாதன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது. கடைசியில், "புரியுது மேடம். அப்போ ஒரே பாட்ட ரிப்பீட்ல போட்டுட்டா போதும்ல?" என்றார். நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

3. டவுன் பஸ்

நான் சொல்ல வந்த சம்பவம் எங்கள் பஸ் கேமைப் பற்றியது. ஆடுகிறவர்தான் டிரைவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எடுத்து, காவிரிப் பாலம் ஏறி இறங்கி, மாம்பழச்சாலை வழியாக ஸ்ரீரங்கம் போக வேண்டும். சென்னையில் ஒரு கம்பெனி அதை வெளியிட ஒப்புக்கொண்டிருந்தது.

டவுன் பஸ்ஸில் டிரைவருக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிறுத்துவார், இரண்டு அடித்தால் எடுப்பார். அதனால் இந்த கேமில் விசில்தான் உயிர் என்று வைத்து இசை அமைத்தேன். காலி பஸ்ஸுக்கு வெறும் கடம். ஆட்கள் ஏற ஏற ஒவ்வொரு வாத்தியமாகச் சேரும். பஸ் நிறைந்தால் மொத்த வாத்தியமும் கேட்கும். திரும்பிப் பார்க்காமலே பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் என்று காதுக்குத் தெரிந்துவிடும். விசில் வரும்போது மட்டும் இசை சற்றுத் தணிந்து வழி விடும், திரை ஓரத்தில் ஒரு சின்ன விசில் படமும் வந்து போகும். இதற்கான புரோகிராமை எழுதியது ஸ்டெல்லா. பொன்மலைப் பெண். நான் சொல்வதை இரண்டாவது முறை கேட்காமல் புரிந்துகொண்ட ஒரே ஆள் அந்த ஆபீஸில் அவள்தான்.

எல்லாம் முடிந்து ஒப்படைக்கிற நேரத்தில் ரங்கநாதன் வந்தார்.

"மேடம், ரொம்ப டல்லா இருக்கு. ஸ்டாப்ல கரெக்டா நிறுத்திட்டா மங்களகரமா ஏதாவது வேணும். கெட்டி மேளம் போட்டுடுங்க."

"சார், விசில் கேக்காது."

"ஒரு கெட்டி மேளத்துல என்ன ஆயிடப் போவுது?"

ஒன்று அல்ல, வழியில் இருக்கிற அத்தனை ஸ்டாப்பிலும் கெட்டி மேளம். கல்யாண வீட்டில் கெட்டி மேளம் எதற்கு? தாலி கட்டும் நேரத்தில் தும்மல், அழுகை, அபசகுனமான பேச்சு எதுவும் காதில் விழக் கூடாது என்பதற்குத்தானே. மற்ற சத்தத்தை அமுக்குவதற்கென்றே இருக்கிற வாத்தியத்தைக் கொண்டுவந்து, காதை வைத்து ஆட வேண்டிய கேமில் போடச் சொல்கிறார். இரண்டு நாள் சண்டை போட்டேன். சம்பளம் கொடுப்பவர் ஜெயித்தார்.

4. எல்லாரும் மியூட்

சென்னைக் கம்பெனி தன் ஆட்களிடம் கொடுத்து ஆட வைத்தது. ஒரு வாரம் கழித்து அங்கிருந்து அரவிந்த் என்பவர் வீடியோ காலில் வந்தார். கேம் வெளிவருமா, எப்படி வெளிவரும் என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது.

"கேம் ஓகே. ஆனா ஆடுறவங்க எல்லாரும் மியூட்ல போட்டுடறாங்க. மியூசிக் வேஸ்ட். தூக்கிட்டு இன்ஜின் சத்தம் மட்டும் வைங்க. விசிலுக்குப் பதிலா ஓரத்துல இருக்கிற விசில் படத்தப் பெருசா போட்டுடலாம்."

ரங்கநாதன் உடனே சரி என்றார். அதோடு விட்டாரா? கால் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, ரொம்பப் பிரியமாக, "மேடம், அடுத்த கேமுக்கும் மியூசிக் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க போலிருக்கு. உங்க ரூம டெஸ்டிங் டீமுக்குக் கொடுத்துடலாம். நீங்க வேணா ஃப்ரண்ட் ஆபீஸ்ல உக்காருங்க, வர்றவங்கள நல்லா பேசி உக்கார வைப்பீங்க" என்றார்.

கறிவேப்பிலை தெரியும் எனக்கு. தாளிக்கும்போது வேண்டும், சாப்பிடும்போது ஓரத்தில் ஒதுக்க வேண்டும். ஆனால் என்னை இலையில் வைப்பதற்கு முன்பே ஒதுக்கினார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக இசையைத் தவிர வேறெதுவும் செய்யாதவளை வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

"சார், அவங்க ஏன் மியூட் பண்றாங்கன்னு யாராவது பாத்தீங்களா?"

"பிடிக்கல, பண்றாங்க."

"நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும். ஒரு தடவை."

அலுத்துக்கொண்டே சம்மதித்தார். ஆனால் ஆட ஆள் பிடிக்கச் செலவு செய்ய மனம் வரவில்லை. "எங்காத்துக்கு வாங்க, சனிக்கிழமை எல்லாரும் இருப்பா" என்றார். இப்படியாக எங்கள் கேமின் முக்கியமான சோதனை உத்தர வீதியில் அவர் வீட்டுக் கூடத்தில், புளியோதரை சாப்பிட்ட பிறகு நடந்தது.

5. அத்தை கையை விட்டார்

முதலில் ஆடியது ரங்கநாதனின் அத்தை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், போனில் சீட்டாட்டம் ஆடிப் பழக்கம் உண்டு. கால் மணியில் பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டார். சத்திரத்தில் எடுத்தார், ரோட்டில் ஒழுங்காக வந்தார். முதல் ஸ்டாப்பில் கச்சிதமாக நிறுத்தினார். பிரேக்கில் கட்டை விரலை வைத்து அழுத்தியபடியே இரண்டாவது விசிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

அப்போது கெட்டி மேளம் கொட்டியது. அத்தை போனை மடியில் போட்டுவிட்டு வலது கையை உயர்த்தினார். அட்சதை போடுகிற கை அது. கையில் அட்சதை இல்லை என்று தெரிந்த பிறகுதான் மடியைப் பார்த்தார். பஸ் உருண்டு போய் முன்னால் நின்ற பால் வண்டியில் இடித்திருந்தது.

"என்ன அத்தை, பிரேக்க விட்டுட்டேளே" என்றார் ரங்கநாதன்.

"கெட்டி மேளம் கொட்டறதுடா. கையை வெச்சுண்டு சும்மா இருக்க முடியுமோ?"

அடுத்து அவருடைய சித்தப்பா ஆடினார். அவர் கையைத் தூக்கவில்லை, ஆனால் மேளம் கேட்டதும் நிமிர்ந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அந்த இடைவெளியில் இரண்டு விசில் வந்து போனது அவருக்குக் கேட்கவே இல்லை. பின்னால் வந்த பஸ் முந்திக்கொண்டது. இரண்டாவது ஸ்டாப்பிலும் அதே கதை. மூன்றாவது ஸ்டாப் வருவதற்கு முன் சித்தப்பாவின் விரல் தானாகப் போய் சத்தத்தை நிறுத்தியது. அதற்கப்புறம் விசில் படத்தைப் பார்ப்பதற்காகக் கண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோனார். பாலத்தில் ஒரு ஆட்டோவை இடித்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நன்னா இருக்குடா" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

நான் ரங்கநாதனைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"மியூசிக்க யாரும் மியூட் பண்ணல சார். உங்க கெட்டி மேளத்த மியூட் பண்றாங்க. அதோட சேந்து என் விசிலும் போவுது."

"அதுக்காக மங்கள வாத்தியத்த எடுக்கச் சொல்றேளா? ஆரம்பிச்சத நிறுத்தினா நன்னாவா இருக்கும்?" வீட்டுக்குள் வந்ததும் அவர் பேச்சும் வீட்டுப் பேச்சாகிவிட்டது.

பதிலை அத்தையே சொன்னார். "ஏண்டா, ஸ்டாப்புக்கு ஸ்டாப் தாலியா கட்டுவா?"

6. அரவிந்த் ஆடிய ஆட்டம்

திங்கட்கிழமையே ஸ்டெல்லா கெட்டி மேளத்தை எடுத்துவிட்டுப் புது பில்ட், அதாவது கேமின் புதுப் பதிப்பு, போட்டுச் சென்னைக்கு அனுப்பினாள். வேறு எதையும் நாங்கள் தொடவில்லை, தொடத் தேவையும் இருக்கவில்லை. ஆனால் அரவிந்த் மனதை மாற்ற வேண்டுமே. மறுநாள் வீடியோ காலில் நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும், "மேடம், டிசைட் பண்ணியாச்சு, விட்டுடுங்க" என்றார். இசை தெரிந்தவர்கள் பேசினாலே இந்த மாதிரி ஆட்களுக்குக் காது மூடிக்கொள்கிறது.

"நான் பேசல சார். நீங்க சொன்ன மாதிரியே மியூட்ல ஒரு ட்ரிப் ஓட்டிக் காட்டுங்க. ஸ்ரீரங்கம் வரைக்கும் போயிட்டீங்கன்னா நானே எல்லா ஃபைலையும் அழிச்சிடறேன்."

ஸ்டெல்லா மேஜைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினாள். "அக்கா, வேணாம்" என்று முணுமுணுத்தாள். வாயை விட்டுவிட்டேன், இனி என்ன செய்வது? ஃப்ரண்ட் ஆபீஸ் நாற்காலி எனக்குக் கண்முன்னால் தெரிந்தது.

அரவிந்த் ஆடினார். அவர் கேட்டபடி நாங்கள் முன்பே அனுப்பியிருந்த, விசில் படத்தைப் பெரிதாக்கிய பில்டைத்தான் வைத்திருந்தார். படத்தைப் பார்த்தால் ரோட்டைப் பார்க்க முடியவில்லை, ரோட்டைப் பார்த்தால் படம் கண்ணில் படவில்லை. ஒரு அம்மாள் படியில் கால் வைக்கும்போதே பஸ்ஸை எடுத்துவிட்டார். கேம் அதோடு நின்றது. மறுபடி ஆடினார், காவிரிப் பாலத்துக்கு முன்னாலேயே நின்றது. "கண்ட்ரோல் சரியில்ல" என்றார். கண்ட்ரோல் மேல் பழி போடாத ஆட்டக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

"இப்ப நேத்து அனுப்பின பில்ட் சார். சத்தத்தோட" என்றாள் ஸ்டெல்லா.

ஆரம்பித்தார். முதலில் கடம் மட்டும் கேட்டது. ஆட்கள் ஏறினார்கள், ஒரு வீணை வந்து சேர்ந்தது. ஒரு விசில், நிறுத்தினார். இரண்டு விசில், எடுத்தார். எங்களிடம் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். திரையில் அவர் தலை உச்சி மட்டும் தெரிந்தது. பஸ் நிறைய நிறைய வாத்தியங்கள் சேர்ந்தன, அவர் தோள் லேசாக ஆடத் தொடங்கியது. அது தாளத்துக்கு ஆடுகிறது என்று அவருக்கே தெரியாது. நாங்கள் மூன்று பேரும் ஒரு பெரிய மனிதர் போனை முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

ரங்கநாதனுக்குப் பொறுமை போய்விட்டது. "சார், மியூசிக் வெச்சுக்கலாமா, வேண்டாமா? முடிவு சொல்லிட்டா நாங்க வேலையப் பாப்போம்."

"இருங்க, இருங்க" என்றார் அரவிந்த், தலையைத் தூக்காமல். "மாம்பழச்சாலை தாண்டிக்கிறேன்."

தாண்டினார், ஸ்ரீரங்கமும் போய்ச் சேர்ந்தார். நிமிர்ந்து, "கேம் இப்ப நல்லா இருக்கு. என்ன மாத்தினீங்க? கண்ட்ரோல் ஸ்மூத் ஆயிடுச்சே" என்றார்.

கண்ட்ரோலில் ஒரு எழுத்தைக்கூட ஸ்டெல்லா மாற்றவில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ரங்கநாதன் முந்திக்கொண்டு, "ஆமா சார், டீம் நல்லா வொர்க் பண்ணிருக்காங்க" என்றார். இசை அப்படியே இருக்கட்டும் என்று அரவிந்த் போகிற போக்கில் சொல்லிவிட்டு வீடியோ காலைத் துண்டித்தார். என் அறை எனக்கே இருந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் சரியாகச் செய்தால் கேமைப் பாராட்டுவார்கள், படத்தைப் பாராட்டுவார்கள், கண்ட்ரோலைப் பாராட்டுவார்கள். உங்கள் இசையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். எனக்கு அதில் இன்றைக்கும் கோபம்தான், ஆறவில்லை. ஆனாலும் ஆடுகிறவர் முகத்தைப் பாருங்கள். அவர் பேச்சை நிறுத்திவிட்டாரென்றால் உங்கள் வேலை முடிந்தது.