நாலு கதவுக் கார்

இரண்டு கார்களும் மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி நின்றன. ஒன்று கறுப்பு, இரண்டு கதவு. மற்றது அவித்த கீரையின் பச்சை, நாலு கதவு. டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே ஒரு பன்றிப் பண்ணையின் முற்றம். சனிக்கிழமை காலை. என் தம்பி இரண்டுக்கும் நடுவில், ஒரு கையைக் கறுப்பின் மேலும் மற்றக் கையைப் பச்சையின் மேலும் வைத்துக்கொண்டு நின்றான். நான் பத்தடி தள்ளிக் குளிரில் நின்றேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல் இத்தனை வருடமும் என்னோடு கூடவே இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் மன்னார்ப் பக்கத்து ஆட்கள். என் கணவர் முதலில் வந்து, பிறகு என்னைக் கூப்பிட்டார். எனக்கு அனுமதி கெதியாகக் கிடைத்தது. தம்பி எங்களுக்குப் பிறகு ஒரு வருடம் கழித்து வந்தவன். அவன் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் விண்ணப்பம் போட்ட நேரம், எங்கள் ஆட்களின் குடும்ப விண்ணப்பங்கள் எல்லாம் அசையாமல் கிடக்கத் தொடங்கிவிட்டன. ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு வருடம் பிந்தியதுதான் அவன் செய்த பிழை. நான் புருஷனுக்குச் சோறு போட்டுக் கொடுக்கிற ஒவ்வொரு தரமும், மேசைக்கு அந்தப் பக்கம் தனியே இருந்து சாப்பிடுகிற அவனைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஊரில் அவன் லொறி ஓடியவன், எஞ்சின் வேலையும் தெரியும். இங்கே தொழிற்சாலையில் அவனோடு வேலை செய்த ஒரு டெனிஷ்காரருக்குச் சொந்தமாகப் பண்ணை இருந்தது. பண்ணைக்காரர் என்றே நாங்கள் அவரைச் சொல்வோம். அவருக்குப் பழைய அமெரிக்கக் கார்களில் பைத்தியம். பலத்துக்கும் வேகத்துக்கும் என்றே செய்த கார்கள் அவை. எட்டுச் சிலிண்டர், கட்டில் அளவுக்கு முன்மூடி, ஸ்டார்ட் பண்ணினால் வீட்டுக் கோப்பைகள் கிலுங்கும். அவருடைய கொட்டிலில் உடைந்து கிடந்த கறுப்புக் காரைத் தம்பி வாங்கி, இரண்டு குளிர்காலம் அங்கேயே இருந்து எஞ்சினைக் கழற்றி, கழுவி, ஒவ்வொரு துண்டாகப் பூட்டினான். எனக்குத் தெரியும், அது வெறும் ஆசை இல்லை. அறைக்குள் தனியே இருந்தால் அவனுக்கு மூளை பிசகிவிடும். கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

எங்கள் சனத்துக்கு அது விளங்கவில்லை. ஒருநாள் மாதா கோயிலில் பூசை முடிந்து கோப்பி குடித்துக்கொண்டு நிற்கும்போது, வயதில் மூத்த ஒருவர் எல்லாருக்கும் கேட்கக் கேட்டார்.

"என்னடாப்பா, பொஞ்சாதி பிள்ளையள் அங்க சண்டைக்குள்ள, செல்லடிக்குள்ள. நீ இங்க ரேஸ் ஓடுறாய்?"

தம்பி சிரித்துக்கொண்டே, "ஓம் அண்ணை. போன கிழமை உங்களை டொக்டரிட்டை ஏத்திக்கொண்டு போகேக்க அது அம்புலன்ஸாக் கிடந்தது. இப்ப ரேஸ் காராப் போச்சோ?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்று இரவு தம்பி சாப்பிட வரவில்லை.

அந்த மாரியில்தான் பண்ணைக்காரர் கேட்டார், மாற்றுவோமா என்று. அவரிடம் இருந்த பச்சைக் காரும் அதே இனம், அதே எட்டுச் சிலிண்டர். ஆனால் நாலு கதவு, பின்னால் மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். அவருடைய பிள்ளைகள் மூவரும் வளர்ந்து வீட்டை விட்டுப் போய்விட்டார்கள். இனி அந்தப் பின் சீற் தனக்கு எதற்கு, உன்னுடைய கறுப்பைத் தா, என்னுடைய பச்சையை எடு என்றார். சனிக்கிழமைக்குள் முடிவு வேண்டும், ஓல்போர்க்கில் இருந்தும் ஒருவன் பச்சையைக் கேட்கிறான் என்றும் சொன்னார்.

கறுப்புக் காரின் பின் சீற் பேருக்குத்தான் சீற். ஒரு பூனை சுருண்டு படுக்கலாம். ஆனால் பச்சையின் எஞ்சின் களைத்துப்போயிருந்தது. புகை தள்ளும், அடித்தகட்டில் துரு. இரண்டு வருடம் தன் கையால் உயிர் கொடுத்ததை விட்டுவிட்டு அதை எடுக்க வேண்டும். அந்தக் கிழமை முழுவதும் தம்பி என் குசினிக்குள் வந்து கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்து அதையே கதைத்தான். துருவைச் சொல்வான், பெட்ரோலைச் சொல்வான், சத்தத்தைச் சொல்வான். வியாழக்கிழமைதான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது.

"மாத்திப்போட்டு, அதுகள் வராமல் விட்டால்? ஒவ்வொரு நாளும் அந்தப் பின் சீற்றை முதுகுக்குப் பின்னால வைச்சுக்கொண்டு நான் எப்பிடி ஓடுறது, அக்கா?"

நான் மரக்கறியை வெட்டிக்கொண்டே இருந்தேன். ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. தம்பிக்கு முன்னால்கூட பெரிய விஷயம் என்றால் வராது.

வெள்ளிக்கிழமை அவனுக்குக் குடிவரவு அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. உறையைக் கிழிக்காமல் என்னிடம் கொண்டு வந்தான். என் கணவர் வேலையில். அவன் போகிற மொழிப் பள்ளிக்கூட ரீச்சரைக் கேட்பதென்றால் திங்கட்கிழமை வரை பொறுக்க வேண்டும். நான் ஊரில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். இங்கே ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிற வேலை. ஆனால் அந்த வேலையில் நாலு டெனிஷ் சொல் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தேன். தம்பி அதைப் பெரிதாக நினைத்திருந்தான்.

"வாசியுங்கோ அக்கா. ஆஸ்பத்திரி டெனிஷ் படிச்ச ஆள் நீங்கள்தானே."

கடிதத்தில் மூன்றே மூன்று வரி. விரலை வைத்து வைத்துப் போனேன். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கடைசி வரியில் ஒரு சொல் எனக்குத் தெரிந்த முகத்தோடு நின்றது. பெஹன்லிங். ஆஸ்பத்திரியில் நான் நாள்தோறும் துடைக்கிற ஒரு கதவில் அந்தச் சொல்தான் எழுதியிருக்கும். உள்ளே வைத்தியம் நடக்கும். கைத்தடியோடு போகிற ஆட்களைப் பிடித்து நடக்கப் பழக்குவார்கள். பிறகு ஒருநாள் அந்த ஆட்கள் தாங்களாக நடந்து வெளியே வருவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

"தம்பி, உன்ர கேஸுக்கு வைத்தியம் நடக்குதாம்," என்றேன்.

"கேஸுக்கு வைத்தியமோ?"

"அப்பிடித்தான் கிடக்கு. பெஹன்லிங். அந்த அறைக்குள்ள போற ஆக்கள் சுகமாகித்தான் வெளிய வருகினம். நான் பாக்கிறனான்தானே."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்ப கேஸ் வார்ட்டில கிடக்குது எண்டுறியள்! ஓறேஞ்ச் வாங்கிக்கொண்டு போய்ப் பாப்பமோ?" சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "நல்ல சொல்லோ, அக்கா?"

"நல்ல சொல்," என்றேன்.

மறுநாள்தான் அந்த முற்றம், அந்தத் தலையாட்டல். கார்த் திறப்புகளை மாற்றிக்கொண்டார்கள். கை குலுக்கினார்கள். பண்ணைக்காரர் கறுப்பைக் கொட்டிலுக்குள் விட்டபோது எழுந்த சத்தத்தை, தம்பி பச்சையின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் பச்சையைக் கவனிக்கத் தொடங்கினான். துருவைச் சுரண்டித் தகடு வைத்தான். பின் சீற்றைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு என் வீட்டுப் பின்புறத்தில் காயவைத்தான். எனக்கு இடமும் காட்டினான். "இதில மூத்தவள், சாரதிக்குப் பின்னுக்கு, ஜன்னல் பக்கம். நடுவில பெடியன். அங்கால சின்னவள். முன்னுக்கு உங்கட மச்சாள்." சொல்லும்போது ஒவ்வோர் இடத்தையும் உள்ளங்கையால் தட்டித் தட்டிக் காட்டினான்.

வைத்தியம் முடியவில்லை. வசந்தம் வந்தது, போனது. கடிதங்கள் வந்தன. எல்லாவற்றிலும் அதே சொல். கொஞ்சக் காலத்தில் அது எங்கள் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. சோறு வேகப் பிந்தினால், "அக்கா, பெஹன்லிங்கில கிடக்கோ?" என்பான். நானும் சிரிப்பேன். ஆனால் மொழிப் பள்ளிக்கூடத்துக்கு நானும் போகத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் அந்தச் சொல்லின் மற்றப் பொருள் எனக்கு விளங்கியது. அலுவலகத்தில் அதற்கு வைத்தியம் என்று பொருள் இல்லை. கோப்பு மேசையில் இருக்கிறது, பார்ப்போம், அவ்வளவுதான். ஒன்றுமே சொல்லாத ஒரு சொல்லை நம்பி என் தம்பியின் கையில் இருந்த ஒரே சந்தோஷத்தை நான் பறித்துக் கொடுத்திருக்கிறேன். அன்று பஸ்ஸில் வரும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். தம்பிக்குச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தரம் வாய் எடுத்தேன். வரவில்லை.

கடைசியில் அனுமதி வந்தது. மனைவிக்கு, மகனுக்கு, சின்னவளுக்கு. மூத்தவளுக்கு இல்லை. விண்ணப்பம் போட்டபோது அவளுக்குப் பதினைந்து. அது மேசையில் கிடந்த காலத்தில் பதினெட்டைத் தாண்டிவிட்டாள். பதினெட்டுக்கு மேல் பிள்ளைக் கணக்கில் வராதாம். தம்பி அந்தக் கடிதத்தை மடித்தான், விரித்தான், மடித்தான். "நான் பெத்தது பிள்ளை இல்லையாம் அக்கா," என்றான்.

கொப்பன்ஹேகன் விமான நிலையத்துக்குப் பச்சைக் காரில்தான் போனோம். அப்போது பாலம் இல்லை, கடலைக் கப்பலில் கடக்க வேண்டும். மச்சாள் இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். சந்தோஷமும் அழுகையும் ஒன்றாகக் கிடந்த ஒரு முகம். மூத்தவளைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவள் அவள். காருக்குக் கிட்ட வந்ததும் பெடியன் ஓடிப்போய் ஜன்னல் பக்கம் ஏறினான்.

"அங்க இல்லை ராசா. அது அக்கான்ர. நீ நடுவில இரு," என்றான் தம்பி.

பெடியன் தாயைப் பார்த்தான். தாய் என்னைப் பார்த்தாள். அந்த வெற்றிடத்தில் ஒரு பையைக்கூடத் தம்பி வைக்க விடவில்லை. நான் சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு மற்றப் பக்கம் இருந்தேன். நெருக்கியடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

அடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பண்ணைக்காரர் கறுப்புக் காரை ஓட்டிக்கொண்டு தம்பியின் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுசன். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். இரண்டும் குருவி மாதிரி மெலிந்த பிள்ளைகள். இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் இந்தக் காரின் பின்னாலேயே போதுமே, உனக்கு இதில் எவ்வளவு விருப்பம் என்று எனக்குத் தெரியும், திரும்ப மாற்றுவோமா என்றார்.

தம்பி கறுப்புக் காரின் முன்மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தான். தான் பூட்டிய ஒவ்வொன்றையும் விரலால் தொட்டான். பண்ணைக்காரர் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். அதே சத்தம். தம்பியின் முகத்தில் நான் பல வருடமாகக் காணாத ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு அவன் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

நல்ல சொல் என்று முன்னர் நான் சொன்னது நினைவுக்கு வந்தது. மாற்று என்று சொன்னால் மூத்தவள் வரமாட்டாள் என்று நானே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். மாற்றாதே என்று சொன்னால் இரண்டாந்தரமும் அவனுடைய காரை நான் பறித்ததாகிவிடும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குசினி ஜன்னலில் மச்சாள் நின்றாள்.

தம்பி முன்மூடியை இறக்கி அழுத்தினான். பண்ணைக்காரரிடம் டெனிஷில், "நாங்கள் ஐந்து பேர்," என்றான்.

அவர் கண்ணால் எண்ணினார். தம்பி, மச்சாள், இரண்டு பிள்ளைகள், நாலு பேர்தான். ஓம், ஐந்து பேர் என்று தலையாட்டிவிட்டுக் கோப்பி குடிக்க உள்ளே வந்தார்.

சில வருடம் கழித்து எல்லாம் வெளியே வந்தது. அந்த விண்ணப்பங்கள் தாமாகக் கிடக்கவில்லை, மேலிடத்து உத்தரவில் கிடத்தி வைக்கப்பட்டிருந்தன என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். பிரதமரே பதவியை விட்டுப் போனார். தம்பியும் நானும் அவன் வீட்டில் இருந்து அதைப் பார்த்தோம். அவன் தொலைக்காட்சியை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னான்.

"அக்கா, வைத்தியம் ஒண்டும் நடக்கேல்லையாம். சும்மா கட்டிலில கிடத்தித்தான் வைச்சிருந்தவையாம்."

"உனக்கு அந்தச் சொல்லின்ர அர்த்தம் தெரியுமோ?"

"மாத்தின சனிக்கு அடுத்த திங்களே ரீச்சர் சொன்னவ."

"அப்ப ஏன் போய்க் காரைத் திருப்பிக் கேக்கேல்லை? எனக்கும் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் சொன்னது எனக்கு நல்லா இருந்தது," என்றான்.

மூத்தவள் பிறகு வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய், அகதி முகாமில் இருந்து, அங்கேயே கல்யாணம் கட்டினாள். டெனிஷ் பாஸ்போர்ட் கிடைத்த பிறகு தம்பி இரண்டு தரம் போய் அவளைப் பார்த்து வந்தான். அவளை ஒரு கிழமைக்கென்றாலும் இங்கே கூப்பிட எத்தனையோ தரம் விசா கேட்டான். கிடைக்கவில்லை. பச்சைக் கார் ஓடாமல் போன பிறகும் அதை விற்கவில்லை. போன வருடம் தம்பி கண்ணை மூடிவிட்டான். மச்சாள் அவனுக்கு முன்பே போய்விட்டாள்.

இந்தக் கோடையில் பழைய கார் சேர்க்கிற ஒருவர் அதை வாங்க வந்தார். இளம் ஆள். கதவுகளைத் திறந்து பார்த்தவர், பின் சீற்றுக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். ஒரு பக்கத் துணி தேய்ந்து நூல் விட்டிருக்கிறது, மற்றப் பக்கம் நேற்றுத் தைத்த மாதிரி இருக்கிறது, இதில் யார் இருப்பது என்று கேட்டார்.

"ஒருத்தருமில்லை," என்றாள் சின்னவள், டெனிஷில். அவளுக்கும் இப்போது தலை நரைக்கிறது.

"அப்பிடிச் சொல்லாத பிள்ளை," என்றேன். எனக்கே என் குரல் பெரிதாகக் கேட்டது. "அது உன்ர அக்கான்ர இடம்."

சின்னவள் கைபேசியை எடுத்து இந்தியாவுக்கு அழைத்தாள். மூத்தவள் படத்தில் வந்தாள். பின்னால் அவளுடைய மருமகளோ யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். சின்னவள் கைபேசியைக் காருக்குள் நீட்டி, சாரதிக்குப் பின்னால், ஜன்னல் பக்கம், அந்த இடத்தைக் காட்டினாள். மூத்தவள் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். அவளுக்குச் சின்ன வயதில் பஸ்ஸில் ஏறினால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். காற்று முகத்தில் பட்டால்தான் அடங்கும்.

"மாமி, அந்தக் கண்ணாடி கீழ இறங்குமோ?" என்று கேட்டாள்.

அது எத்தனை வருடமாகத் திறக்காத கண்ணாடி. நான் குனிந்து, பிடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினேன். முதலில் அசையவில்லை. பிறகு கரகரவென்று பாதிவரை போனது.

"இறங்குது பிள்ளை," என்றேன்.