பாலாவியிலிருந்து பலாலிக்கு: நேர்கோட்டில் இருநூறு கிலோமீற்றர்

இது நான் திட்டமிட்ட பயணமல்ல. சென்ற நவம்பரில் ஒரு வியாழன் காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மச்சான் அழைத்தார். அவருடைய உம்மா, அதாவது வாப்பாவின் லாத்தா (அக்கா), எனக்கு மாமி, அதிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிவிட்டார். பின்னேரம் மூன்றரைக்கு அஸர் தொழுகையோடு அடக்கம். எங்களில் மையித்தை நெடுநேரம் வைத்துக்கொண்டிருப்பதில்லை.

முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த வாப்பா, புத்தளத்துக்குத் தெற்கே பாலாவியிலேயே தங்கிவிட்டார். மாமி மட்டும் யாழ்ப்பாணம் திரும்பினார். பெருநாளுக்கு அவர்தான் எங்களிடம் வருவார். “ஒருக்கா வந்து பாரன்” என்பார். வாப்பா “வாறன், வாறன்” என்பார். போனதில்லை. அன்று வாப்பா, “முகத்தைப் பார்த்தாப் போதும் மகள்” என்றார்.

எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தான் பாலாவி விமான ஓடுபாதை. அங்கிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி நேர்கோட்டில் 200 கி.மீ., சின்ன விமானத்துக்கு முக்கால் மணித்தியாலம். ஆனால் பயணிகள் விமானம் கிடையாது. ஆக வழி இரண்டு. அநுராதபுரம், வவுனியா ஊடாகக் காரில் 275 கி.மீ., ஆறு மணித்தியாலம். அல்லது தெற்கே இரத்மலானை விமான நிலையத்துக்கு 145 கி.மீ. போய், அங்கிருந்து விமானத்தில் 1 மணி 10 நிமிடம்.

ஊருக்கெல்லாம் பயண யோசனை சொல்பவள் நான். அந்த 1 மணி 10 நிமிடத்தில் மயங்கிவிட்டேன். வாப்பாவின் முழங்காலும் ஒரு காரணம். 11.30 விமானத்தில் இரண்டு இருக்கை கிடைத்தது. ஒன்றரைக்கு வாசலில் நிற்போம் என்று மச்சானிடம் சொன்னேன்.

6.40க்கு வாடகைக் காரில் புறப்பட்டோம். தெற்கே சிலாபம் தாண்டும்போது சாரதி நானா கண்ணாடியில் பார்த்து, “பிழையா நினைக்காதீங்க தங்கச்சி, யாழ்ப்பாணத்துக்குத்தானே போறீங்க?” என்றார். அப்போது கோபம் வந்தது. இப்போது வெட்கம் வருகிறது.

10.20க்கு இரத்மலானை. பலாலியில் கடும் மழையாம். 12.30 என்றார்கள், பிறகு ஒன்றரை என்றார்கள். வாப்பா கதிரையிலேயே மதியத்து லுஹர் தொழுதுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். காரில் போயிருந்தால் இந்நேரம் லாத்தாவின் பக்கத்தில் இருந்திருப்பார். 2.10க்குத்தான் விமானம் எழும்பியது.

2.35. ஜன்னலுக்குக் கீழே உப்பளங்கள், அப்பால் களப்பு, கற்பிட்டிக் காற்றாலைகள். வாப்பா குனிந்து பார்த்தார்.

“இது நம்மட பாலாவியல்லா?”

“ஓம் வாப்பா.”

“காலையில வெளிக்கிட்டு, இப்பதானா வீட்டடிக்கு வந்திருக்கிறம்?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

3.20க்குப் பலாலி. அங்கிருந்து 18 கி.மீ., மழை ரோட்டு. நாலரைக்கு மையவாடியை அடைந்தபோது ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். “வானம் திரும்பவும் கறுத்திட்டுது மாமா, வச்சிருக்கேலாமப் போச்சு” என்று மச்சான் வாப்பாவின் தோளில் விழுந்து அழுதார். பெண்கள் உள்ளே போவதில்லை, நான் வாசலுக்கு வெளியே நின்றேன். வாப்பா மூடிய குழியின் ஈரமண்ணில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் குந்தியிருந்தார்.

எங்கள் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விமான நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள், வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். மழைக்காலத்தில் தாமதத்தையும் சேருங்கள். புத்தளத்தில் அநுராதபுரம் பஸ், 75 கி.மீ., இரண்டு மணித்தியாலம். அங்கே பஸ் மாறினால் இன்னும் நாலரை. முழங்கால் வலியோடு வாப்பாவும் அப்படித்தான் திரும்பி வந்தார்.

விமானம் ஓடும் நாட்களில் அது எங்கள் வீட்டுக்கு மேலால்தான் வடக்கே போகிறது. சத்தம் கேட்டால் வாப்பா முற்றத்துக்கு வந்துவிடுவார். மறையும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இன்னும் முக்கால் மணித்தியாலம்” என்பார்.