யூனிஸ் அக்காவின் ரவிக்கையும் கண்ணாடிப் பஞ்சும்

தச்சநல்லூரில் யூனிஸ் அக்கா தைத்த ரவிக்கையை இந்த வருஷம் வரை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. மொட்டைமாடித் தகரக் கொட்டகைதான் அவர் கடை. கீழ் அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள், அதுவும் இயற்பியலில். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

இந்தச் சித்திரை வெயிலில் கொட்டகைக்குள் உட்கார முடியவில்லை. அக்காவின் கணவர் எலியேசர் அண்ணாச்சி பழைய சாமான் கடையிலிருந்து மஞ்சள் நிறக் கண்ணாடிப் பஞ்சைச் சுருள் சுருளாக வாங்கி வந்தார். தகரத்துக்கு அடியில் கம்பி கட்டி, உறை எதுவும் போடாமல் செருகிவிட்டார்.

"ஏலே, இனி இது ஊட்டிதாம்லே!"

வெக்கை குறைந்தது. ஆனால் அடுத்த வாரமே பக்கத்துத் தெரு சித்ரலேகா ரவிக்கையை மேசையில் வீசினாள்.

"கோயில்ல சாமி கும்பிடக் கை ஒழியல யூனிசு. ரெண்டு கையும் முதுகு சொறியவே சரியாப் போச்சு!"

அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். அக்கா லைனிங் துணியை மாற்றிப் பார்த்தார், கஞ்சி போக அலசிப் பார்த்தார். அரிப்பு நிற்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் பிரியதர்ஷினியின் கல்யாண ரவிக்கைப் பட்டு இன்னும் வெட்டாமல் பெட்டிக்குள் இருந்தது.

"மணவறையில அவ சொறிஞ்சா வீடியோல காலத்துக்கும் நிக்கும் தம்பி. அப்புறம் என்கிட்ட யாரு தைக்கக் குடுப்பா?"

ஒரு சாயங்காலம் நான் மேலே போனபோது அக்கா இருமிக்கொண்டே பெருக்கிக்கொண்டிருந்தார். ஃபேன் சுற்றியது. சாய்ந்து விழுந்த வெயிலில் மயிரிழை போல என்னவோ மினுங்கி, கொடியில் தொங்கிய துணிகள் மேல் இறங்கியது.

"அக்கா, மேல பாருங்க. அந்தப் பஞ்சு நுணுக்கமான கண்ணாடி நார். தோலைக் குத்தும், கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். உறைக்குள்ள மூடி வைக்கணும். நீங்க பெருக்கப் பெருக்க அது பறக்குது."

"கடைக்காரன் பஞ்சுன்னுதாம்லே சொன்னான்," என்றார் அண்ணாச்சி.

"தலையணைக்குள்ள அடைக்காம விட்டியளே, அதுவரைக்கும் நல்லது!" என்றார் அக்கா.

ஃபேனை அணைத்து, முழுக்கைச் சட்டையும் முகமூடியும் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே பஞ்சை இறக்கினோம். சாக்கில் இறுகக் கட்டினோம். தரையை ஈரத் துணியால் துடைத்தோம். தகரத்தின் மேல் வெள்ளை அடித்து, அடியில் தென்னை நார்ப் பலகை பொருத்தினோம். ஊட்டி இல்லைதான், ஆனால் உட்கார முடிகிறது.

கல்யாண ரவிக்கையை என் அறையில் வைத்துத்தான் தைத்தார். அப்படியும் அக்காவுக்குப் பயம் போகவில்லை. கல்யாணத்தன்று மணவறையில் தாலி கட்டி முடிந்ததும் பிரியதர்ஷினியின் கை பைய முதுகுப் பக்கம் போனது. அக்கா என் முழங்கையை நெரித்தார்.

அவள் சடையில் சரிந்த பூவைச் சரி செய்துவிட்டுக் கையை இறக்கினாள்.

"ஸ்தோத்திரம்!" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரரே திரும்பிப் பார்த்தார்.