பாரம் குறைத்த வண்டி

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று அவருடைய பிக்கப் வண்டி, இன்னொன்று அதன் மைலேஜ். மூன்றாவது இடமாவது எனக்கு இருந்ததா என்று கேட்டால், சந்தேகம்தான்.

எண்பதுகளின் தொடக்கம். மழை இல்லாமல் எருமப்பட்டிப் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பாறையில் குழி போடக் காற்று கொடுக்கும் கம்ப்ரசர் ஒன்று எங்களிடம் இருந்தது. இரண்டு சக்கரத்தில் நிற்கிற இரும்புப் பூதம், அதற்கென்று பிரேக்கும் கிடையாது. பழைய ஜீப்பின் பின்பாதியை வெட்டித் தொட்டி வைத்துப் பிக்கப் ஆக்கியிருந்தார். அதன் வாலில் கம்ப்ரசரைக் கொக்கி போட்டு ஊர் ஊராக இழுத்துப் போவார். சமைத்துப் போட நானும் கூடவே போவேன்.

ஒருநாள் டீக்கடையில் எவனோ, தன் வண்டி இதைவிட அதிக மைலேஜ் கொடுக்கிறது என்று சொல்லித் தொலைத்தான். அன்றைக்குப் பிடித்தது சனி. பாரம் குறைந்தால் டீசல் குறையும் என்று முதலில் ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் போட்டார். அப்புறம் தொட்டியின் பின்கதவு. அப்புறம் டூல்ஸ் பெட்டி. கடைசியில் தொட்டியில் ஏற்றிப் போகும் துளைக் கம்பிகளையும் வேலையாட்களையும்கூடத் தோட்டக்காரரின் டிராக்டரில் அனுப்பிவைத்தார். இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் விட்டுவிடுவார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஊரையே ஏமாற்றிவிட்ட சந்தோஷம்!

நான் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். சத்தமே இல்லாமல் வண்டி இறங்கும்போது பின்னாலிருந்து ஒரு தள்ளு வரும், திருவிழாக் கூட்டத்தில் முகம் தெரியாத ஒருவன் முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி. கம்பியும் ஆளும் தொட்டியில் இருந்தவரை அது வந்ததில்லை.

"ஏனுங்க, நாம அதை இழுக்கறமா, அது நம்மளத் தள்ளுதுங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தள்ளுனா நல்லதுதான புள்ள. டீசல் மிச்சம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கடுத்த வேலை திருச்செங்கோட்டுப் பக்கம். நான் அப்போது ஐந்து மாதம். புறப்படும்போது காலி வண்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ பஸ்ஸுல வந்துரு புள்ள. இன்னிக்கு எத்தன குடுக்குதுன்னு பாத்துப்போடோணும்."

"ஓ, இப்ப நானும் பாரமாயிட்டனுங்களா?"

"கோவிச்சுக்காத. முன்னால போயி உனக்கு டீ சொல்லி வெச்சிருக்கறேன், வா."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். பார்த்ததும் என்ன கேட்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். ஓர் இறக்கத்தின் உச்சியில் பஸ் நின்றுவிட்டது. கீழே ஓடைப் பாலத்தருகே கூட்டம்.

"வண்டி போகாதுங்க, எல்லாரும் எறங்கிக்குங்க" என்றார் கண்டக்டர்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் ஓடினேன். பின்னாலிருந்து தள்ளிய வேகத்தில் கொக்கி தெறித்து, கம்ப்ரசர் மட்டும் நடுரோட்டில் நிமிர்ந்து நின்றது. அதன் மேல் ஒரு கீறல் இல்லை. பாலத்துச் சுவரை இடித்துக்கொண்டு பிக்கப் ஓடைக்குள் கவிழ்ந்து கிடந்தது. முன்பக்கம் முழுக்க நசுங்கி, இரண்டு சீட்டில் எது அவருடையது, எது என்னுடையது என்று தெரியவில்லை. அவரை வெளியே எடுத்து ஒரு வேட்டியால் மூடியிருந்தார்கள். டேங்க் உடைந்து, அவர் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்த டீசல் எல்லாம் மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் உன்னை வண்டியில் ஏற்றாமல் விட்டதால்தான் நீயும் உன் மகளும் பிழைத்தீர்கள் என்று என்னிடம் எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நான் ஏறியிருந்தால் அந்த ஓர் ஆள் பாரத்துக்கு வண்டி தடுமாறாமல் நின்றிருக்குமா? அதைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.