ட்ரெக் ஆரின்ர சொல்?

எண்பத்தாறில் ஹம்பேர்க் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மலிவு விடுதியில் இருந்தேன். என்னைப்போல அகதி விண்ணப்பம் போட்டவர்களும், கப்பல்காரரும், கட்டட வேலை செய்யும் மேசன்மாரும் அங்கே கலந்து கிடந்தோம். ஜெர்மன் மொழியில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒரே ஒரு சொல்: ட்ரெக். ஊத்தை. வீட்டுக்காரி நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுவா. மற்றதெல்லாம் குத்துமதிப்பு. கீழே வரும் பேச்சும் அப்படித்தான்.

ஒரு ஞாயிறு காலை சட்டி கழுவும் குசினித் தொட்டி அடைத்துத் தண்ணீர் தரைக்கு வந்துவிட்டது.

"இது ஆரின்ர ட்ரெக்?" வீட்டுக்காரி இடுப்பில் கையை வைத்தா. "பிடிபடுற ஆளுக்கு இனிக் குசினித் திறப்பு இல்லை!"

திறப்பு, அதுதான் சாவி, போனால் சோறும் போச்சு. மூன்று நேரமும் பாணும் குளிர்ந்த சொசேஜும்தான்.

"மச்சான், நேற்று நீ சட்டி கழுவினதுதான். ஒத்துக்கொள்ளு," என்றான் என் அறைக்கூட்டாளி.

"பொறடா, யோசிக்கிறன்."

யோசித்து, பச்சைப்பிள்ளைபோலக் கேட்டேன்: "ட்ரெக் எண்டால் சரியா என்ன?"

ஒல்லாந்துக் கப்பல்காரர் முந்தினார். "அது எங்கட சொல். மாட்டுக் கொட்டிலில கிடக்கிறது."

"மாடோ?" யூகோஸ்லாவிய மேசன் மேசையில் அடித்தார். "எங்கட பக்கம் அது மனிசன்ர! அம்மாவுக்கு முன்னால சொன்னால் கன்னம் வீங்கும்."

"எங்களிட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கெடுத்துப்போட்டியள்!" வீட்டுக்காரி கொதித்தா. "நாங்கள் பிள்ளையின்ர சப்பாத்துச் சேத்துக்குச் சொல்லுறது."

சுவீடனிலும் கிட்டத்தட்ட இதே சொல் இருக்கிறதாம், கப்பல்காரர் சொன்னார். அங்கே யார் கொண்டுபோனது? எனக்குத் தலை சுற்றியது. தெரிந்த ஒரே சொல்லும் தெரியாமல் போய்விட்டது.

ஐரோப்பா அடிபட்டுக்கொண்டிருக்க நான் மெல்ல நழுவப் பார்த்தேன். அதற்குள் வீட்டுக்காரி குனிந்து குழாயைக் கழற்றிவிட்டா. விழுந்தது இறால் கோதும் கடுகும், அம்மா ஏர்மெயில் கவரில் அனுப்பிய கறிவேப்பிலையும். அதற்கு எந்த நாடும் உரிமை கேட்காது. திறப்பை நீட்டினேன்.

"பொறுங்கோ," என்றார் கப்பல்காரர். "அந்தக் கறியில பாதி நான் திண்டது. பாதி ட்ரெக் என்ர."

"மிச்சத்தில பாதி என்ர," என்றார் மேசன்.

கூட்டாளியும் நன்றாகத் தின்றவன்தான். ஆனால் அவனுக்குத் திடீரென்று தேவாலயம் ஞாபகம் வந்துவிட்டது. அவன் திருநீறு பூசுகிற சைவன்.

வீட்டுக்காரி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு திறப்பை ஆணியில் மாட்டிவிட்டு வாளியைத் தந்தா.

அள்ளும்போது மேசனைக் கேட்டேன்: "உண்மையா, அது ஆரின்ர சொல்?"

அவர் வாளியை என் பக்கம் தள்ளினார். "இண்டைக்கு உன்ர."