மூவாயிரத்து இருநூறு கிலோவுக்குள் ஒரு வீடு

பெத்ராக்கே எதைச் செய்தாலும் கப்பலுக்குச் செய்வதாக நினைத்துத்தான் செய்வார். எங்கள் ஊர் கலாட்ஸ் கப்பல் தளத்தில் முப்பத்து நான்கு வருஷம் அடித்தகடுகளைப் பற்றவைத்த கை அது. லேசாகச் செய் என்றால் அதற்குப் புரியாது. எங்கள் தெருவில் அவர் செய்து கொடுத்த இரும்புக் கேட் ஒன்று இருக்கிறது. ஒருமுறை பின்னால் எடுத்த சிமென்ட் லாரி அதில் மோதியது. லாரியைத்தான் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். கேட் இன்றும் அப்படியே நிற்கிறது. என்ன, அதைத் திறக்க இரண்டு ஆள் வேண்டும்.

இப்பேர்ப்பட்ட மனுஷர் தன் பிக்கப் வண்டியின் முதுகில் ஒரு வீடு கட்டக் கிளம்பினால் என்ன ஆகும்? ஆக வேண்டியதுதான் ஆயிற்று.

வீடு அவர் மனைவி ஸ்மாராண்டாவுக்காக. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பெத்ராக்கே ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் அவர் டீச்சர். முப்பத்தோரு வருஷம் பள்ளியில் புவியியல் நடத்தியவர். ஒவ்வொரு செப்டம்பரும் புதுப் பிள்ளைகளைத் தன்யூப் ஆற்றை வரையச் சொல்வார். ஜெர்மனியில் இரண்டு சின்ன ஓடைகள் சேரும் இடத்தில் பென்சிலை வைத்து, நம் ஊரைத் தாண்டிக் கடல்வரை இழுக்க வேண்டும். கடலில் சேரும் இடத்தை டீச்சர் பலமுறை பார்த்திருக்கிறார். தொடங்கும் இடத்தைப் பார்த்ததே இல்லை. ஓய்வு பெற்றதும் போகலாம் என்று இருந்தார்கள். ஓய்வு பெற்ற வருஷமே டீச்சரின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன.

அன்று முதல் தினமும் படுக்கும்போது வயிற்றில் ஒரு குழாயை மாட்டிக்கொள்ள வேண்டும். சூட்கேஸ் அளவு மெஷின் ஒன்று விடியும்வரை மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு வெளியே எடுக்கும். ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோ தண்ணீர்ப் பை. மாட்டும்போது அறையில் காற்று அசையக்கூடாது, தூசு பறக்கக்கூடாது, கழுவிய கை எதிலும் படக்கூடாது. கிருமி உள்ளே போனால் வயிறு பழுத்துவிடும். இதை எந்த ஊர் விடுதி அறையை நம்பிச் செய்வது?

ஏப்ரலில் டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "எங்கயாவது போகணும்னா இந்தக் கோடையிலயே போயிட்டு வந்துடுங்க டீச்சர். ஒரு நாளைக்கு மூணு மணி நேரத்துக்கு மேல வண்டியில உக்காராதீங்க. அடுத்த வருஷம் உங்கள ஆஸ்பத்திரி மெஷினுக்கு மாத்த வேண்டி வரும். அப்புறம் வாரத்துக்கு மூணு நாள் இங்கதான்."

பெத்ராக்கே வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பிக்கப்பின் பின்னால் ஏறினார்.

ஏழு வாரம் எங்கள் தெருவில் ஒருவரும் மத்தியானம் கண்ணயரவில்லை. சதுர இரும்புக் குழாயில் சட்டம், அதன்மேல் நாலு மில்லிமீட்டர் தகட்டில் தரை. அதற்குள் அவர் டீச்சருக்காகச் செய்த வேலைகளைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கழுவிய கையால் தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாதே என்று காலால் மிதித்தால் தண்ணீர் வரும்படி ஒரு தொட்டி. குழாய் மாட்டும் பத்து நிமிஷமும் மின்விசிறி நிற்கவும் காற்றுத் துவாரம் மூடிக்கொள்ளவும் ஒரே சுவிட்ச். மெஷினின் வயர் எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அந்த அளவில் கட்டில். டீச்சர் இடப்பக்கம் ஒருக்களித்துத்தான் தூங்குவார் என்பதால் ஜன்னலும் இடப்பக்கம். கண் விழித்தால் ஆறு தெரிய வேண்டும் அல்லவா? மெஷின் ஆடக்கூடாது என்று அதற்கு ஆறு மில்லிமீட்டர் தகட்டில் தனியாக ஒரு மேடை. அதில் ஒரு குதிரையைக்கூட நிறுத்தலாம்.

கப்பல் தளத்தில் படம் வரைபவராக இருந்த பழைய நண்பர் ஜேலு தினமும் வந்து வேடிக்கை பார்ப்பார்.

"டேய் பெத்ராக்கே, இதுக்கு நங்கூரம் எங்கடா?"

"போடா. காத்துல ஆடாம இருக்க வேண்டாமா?"

"காத்தா? பீரங்கியால சுட்டாலும் ஆடாதுடா இது. எடை போட்டுப் பாத்தியா?"

பெத்ராக்கே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கப்பல் தளத்தில் எடையைப் பற்றி வெல்டரிடம் யாரும் கேட்டதில்லை. அதுதான் தண்ணீர் தாங்குகிறதே!

ஜூன் நடுவில் ஊருக்கு வெளியே தானியக் கிடங்கின் எடை மேடைக்கு வண்டியை ஓட்டிப் போனார்கள். அந்த வண்டி ஆள், பெட்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து மூவாயிரத்து இருநூறு கிலோ வரைதான் போகலாம். மிஞ்சினால் எல்லையில் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பாவிட்டாலும் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. எடை மேடைக்காரி வியோரிக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"மூவாயிரத்து நூத்தித் தொண்ணூறு!"

"பாத்தியா, பத்து கிலோ கம்மி!" என்றார் பெத்ராக்கே.

ஜேலு சிரிக்கவில்லை. "பைங்க எங்கடா? தண்ணி எங்க?"

வியன்னாவில் மருந்துக் கம்பெனி அடுத்த தவணைப் பைகளைக் கொடுத்துவிடும். ஆனால் வியன்னா போய்ச் சேரவே பதினான்கு நாள். பதினான்கு நாள் பை இருநூற்றுப் பத்து கிலோ. தொட்டித் தண்ணீர் அறுபது. பெத்ராக்கே முகத்தில் ஈயாடவில்லை.

டீச்சர்தான் பேசினார். "அதனால என்ன இப்போ? ஒரு வாரத்துக்குப் பையும் கொஞ்சம் தண்ணியும் எடுத்துக்கிட்டு, வேற எதையாவது இறக்கி வெச்சுக்கலாம். நம்ம எல்லையில இருக்கற இரும்பு வாயில் கணவாய் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவோம். அங்கயும் ஆறு நல்லாத்தான் இருக்கும். எனக்கு அது போதும், பெத்ராக்கே."

வரைபடத்தில் ஆற்றைப் பாதியில் நிறுத்திவிட்ட மந்தமான பிள்ளையிடம், பரவாயில்லை, நன்றாகத்தான் வரைந்திருக்கிறாய் என்று சொல்வாரே, அதே குரல். பெத்ராக்கேக்கு அது நெஞ்சில் தைத்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

வழி ஒன்றுதான் இருந்தது. இரும்பை அறுத்தெடுத்து மரத்தைப் போட வேண்டும். எடை போட்டுவிட்டு வந்த அன்றே ஜேலு படம் போட்டுக் கொடுத்தார். தரைக்கு பிளைவுட், சட்டத்துக்குத் தேவதாரு, ஒட்டுவதற்குப் பசை. ஆனால் பெத்ராக்கே கட்டர் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் அரைமணி கழித்து அப்படியே வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்.

இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கப்பல் தளத்தில் இரும்பை இணைக்கும் ஒவ்வொரு பற்றையும் எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே குறை இருந்தால் சோதனைக்காரர் வந்து அந்த இடத்தில் சிவப்புச் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போவார். அதை வெல்டரே எல்லார் கண்ணெதிரிலும் அறுத்தெடுத்து மறுபடி வைக்க வேண்டும். கலாட்ஸில் ஒரு வெல்டருக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. முப்பத்து நான்கு வருஷத்தில் பெத்ராக்கேயின் வேலையில் சாக்கட்டி பட்டதில்லை. நல்ல பற்றை அறுக்க அந்தக் கைக்கு வரவில்லை.

டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னால முடியல ஸ்மாராண்டா. நீ குறி போடேன். நீ போட்டா அறுத்துடுவேன்."

டீச்சர் எழுந்தார். வீட்டுக்குள் போய் மேசை இழுப்பறையிலிருந்து சிவப்புச் சாக்கட்டி ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். ஜேலுவின் படத்தைப் பார்த்துப் பார்த்து, சட்டம் சட்டமாகப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு குறிக்கும் முன்னால் அந்தப் பற்றை விரலால் ஒருமுறை தடவினார். கடைசியில் மெஷின் வைக்கும் மேடை வந்தது.

"அதுக்கும் போடு. அது மட்டுமே பதினெட்டு கிலோ" என்றார் பெத்ராக்கே.

டீச்சர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு அதன் ஓரத்தில் பத்து என்று எண் போட்டுக் கீழே கோடு இழுத்தார். எங்கள் பள்ளிக்கூடங்களில் அதற்குமேல் மார்க் கிடையாது. எட்டாம் வகுப்போடு நின்ற பெத்ராக்கே புவியியலில் ஐந்தைத் தாண்டியதில்லை. அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "தள்ளு, நெருப்புப் பொறி படும்" என்றார்.

மேடையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அறுத்தார். பிறகு மூன்று வாரம் மரத்தோடு மல்லுக்கட்டினார். பசை காயக் காத்திருப்பது அவருக்குப் பெரிய தண்டனை. "பொறி பறக்கல, புகை வரல, இது எப்படிடா புடிக்கும்?" என்று ஜேலுவிடம் பத்துத் தடவை கேட்டார். இழுத்துப் பார்த்தார், உதைத்துப் பார்த்தார். பிடித்துத்தான் இருந்தது. அப்போதும் நம்பவில்லை.

ஜூலை பத்தாம் தேதி, பைகள், தண்ணீர், துணிமணி எல்லாம் ஏற்றி, இருவரும் உள்ளே உட்கார்ந்து, மறுபடி எடை மேடை.

"மூவாயிரத்து இருநூத்திப் பதினொண்ணு!" என்றாள் வியோரிக்கா.

"இருக்காதே! நான் கூட்டிப் பாத்தேனே!" ஜேலு பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினார். கட்டிலுக்கு அடியில் குடைந்தவர் ஒரு கண்ணாடி ஜாடியோடு வந்தார். சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் எண்ணெயில் வதக்கிய ஸகுஸ்கா. "இது மாதிரி இன்னும் பதினஞ்சு இருக்கு. யாரு வேலை இது?"

டீச்சர் முகம் சிவந்துவிட்டது. அவர் உடம்புக்கு அதில் ஒரு கரண்டிகூட ஆகாது. "இந்த மனுஷன் வெளியூர்ல எதையும் தொடமாட்டாரு ஜேலு. பட்டினி கிடந்தே வண்டி ஓட்டுவாரு."

"சரி, இங்கயே தின்னு தீத்துடறேன்" என்றார் பெத்ராக்கே.

"தின்னா உன் வயித்துலதானடா இருக்கும்? எடை எங்க போவும்?" என்ற ஜேலு கணக்குப் போட்டார். "எல்லாத்தையும் இறக்கினாலும் எட்டு கிலோதான். வேற என்னமோ இருக்கு."

பெத்ராக்கே இறங்கி நின்று செருப்பால் தரையைத் தேய்த்தார். ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால், போர்வைக்கு அடியில், அவருடைய சின்ன வெல்டிங் மெஷினும் ஒரு கட்டு ராடும் இருந்தன. பதின்மூன்று கிலோ.

"வழியில பசை விட்டுச்சுன்னா?" என்றார். "மேடைய அறுத்துட்டா சரியாப் போவும். மெஷினை மரத்து மேல வெச்சுக்கலாம். பதினெட்டு கிலோ."

"அதத் தொட்டா நான் வரல" என்றார் டீச்சர்.

பெத்ராக்கே போர்வையை விலக்கினார். பிறகு வெல்டிங் மெஷினைத் தூக்கி, குழந்தையைக் கொடுப்பதுபோல ஜேலுவின் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகும் வயரை விடவில்லை. ஜேலுதான் மெல்ல உருவிக்கொள்ள வேண்டியிருந்தது. பெத்ராக்கே மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

"மூவாயிரத்து நூத்தித் தொண்ணூத்தியெட்டு! கிளம்புங்க டீச்சர், பின்னால கோதுமை லாரி நிக்குது!" என்று கத்தினாள் வியோரிக்கா.

பசை எங்கும் விடவில்லை. வியன்னாவில் பை கிடைத்தது. இருபத்து மூன்றாம் நாள் காலையில், அந்த இரண்டு ஓடைகள் சேரும் இடத்தில் புல்மேட்டு ஓரமாக வண்டியை நிறுத்தினார் பெத்ராக்கே. டீச்சர் கரையில் வெகுநேரம் நின்றார். ஒரு சிறுவன் கல்லெறிந்தால் அக்கரையைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான் ஆறு.

"என்ன, பேசாம நிக்கிற? சின்னதா இருக்கா?"

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சூடுபட்டுச் சூடுபட்டுத் தோல் தடித்த கை.

"முப்பத்தோரு வருஷமா, பாக்காமலே புள்ளைங்ககிட்ட அடிச்சுச் சொன்னேன், பெத்ராக்கே. மனசுக்குள்ள ஒரு பயம் இருந்துக்கிட்டே இருந்துச்சு" என்றார். "நெஜந்தான். ரெண்டு ஓடைதான்."

இப்போது டீச்சர் வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். பிக்கப்பில்தான் கூட்டிப் போகிறார் பெத்ராக்கே. முதுகிலிருக்கும் வீட்டை இறக்கிவிட்டால் பெட்ரோல் மிச்சமாகுமே என்று ஜேலு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். இறக்கினால் அந்தச் சாக்கட்டி எழுத்து அழிந்துவிடும் என்கிறார் பெத்ராக்கே.